சந்தேகத்தோடே வாருங்கள்: இறை இரக்க பக்திக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள், நண்பர் ஒருவர் கூப்பிட்டுக் கோயிலுக்குள் முதன்முதலாக நுழைந்தவர்கள், சின்ன வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிவிட்டு அதன்பிறகு கல்யாணத்துக்கும் அடக்கப் பூசைக்கும் மட்டும் வந்து போனவர்கள். இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இறை இரக்க பக்தி என்பது இயேசுவின் இரக்கத்தை நம்பி வேண்டும் ஒரு ஜெப வழக்கம். இவர்களில் பலர் ஏதோ ஒரு கட்டத்தில் அதற்குரிய படத்தைப் பார்த்திருப்பார்கள்: வெள்ளை அங்கியில் நிற்கும் இயேசு, நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளிர்நிறமுமாக இரண்டு கதிர்கள், கீழே “இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்” என்று ஒரு வரி. அந்த வரியில்தான் பலருக்குக் கால் தடுக்குகிறது. “எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லையே, நான் இதைச் சொன்னால் பொய்யாகிவிடாதா?” என்று கேட்கிறார்கள்.

ஆகாது. நம்பிக்கை முழுசாக வந்த பிறகுதான் இரக்கத்தைக் கேட்க வேண்டும் என்று திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை. சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று வாசலில் நிற்பவர்கள் வருடக்கணக்காக வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். சந்தேகத்தையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவதுதான் நல்லது. எப்படி வருவது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் சந்தேகம் எது என்று பாருங்கள்

“எனக்குச் சந்தேகமாக இருக்கிறது” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் உள்ளே வேறு வேறு விஷயங்கள் இருக்கும்.

கடவுள் என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்பது ஒன்று. இது பெரும்பாலும் அறிவு சார்ந்த கேள்வி. படித்து, பேசி, கேட்டுத்தான் தீர வேண்டும். இதற்கு நல்ல துணை, பொறுமையாகப் பேசக்கூடிய ஒரு குருவோ ஞான உபதேசம் நடத்தும் ஒருவரோதான்.

கடவுள் இருக்கிறார், ஆனால் என்னை மன்னிக்க மாட்டார் என்பது இன்னொன்று. வெளியே தெரியாது, ஆனால் எங்கள் பக்கம் மிக அதிகமாக இருப்பது இதுதான். குடித்துக் குடும்பத்தைச் சீரழித்தவர், அம்மா சாகும்போது பக்கத்தில் இல்லாதவர், கருவைக் கலைத்தவர் என்று பலர் இதை நெஞ்சில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இறை இரக்க பக்தி நேராகப் பேசுவது இவர்களிடம்தான்.

மூன்றாவது, இழப்பிலிருந்து வருவது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடலூர் தேவனாம்பட்டினம் முதல் புதுவை மீனவக் குப்பங்கள் வரை அன்று காலையில் கடல் என்ன செய்தது என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒன்றைப் பார்த்தவர் “இரக்கமுள்ள கடவுள்” என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரோடு வாதாடக் கூடாது. அவர் கையில் கொடுக்க வேண்டியது திருப்பாடல் 88. விவிலியத்தில் உள்ள ஜெபங்களிலேயே மிக இருண்டது அது. கடைசி வரி வரை இருட்டிலேயே முடிகிறது, ஆறுதல் வார்த்தை ஒன்றும் பின்னால் வருவதில்லை. அப்படிப்பட்ட புலம்பலையும் ஜெபம் என்று ஏற்று விவிலியத்தில் வைத்திருக்கிறார்கள். கடவுளிடம் கோபத்தோடு பேசுவதும் அவரோடு பேசுவதுதான்.

உங்களுடையது எது என்று தெரிந்தால், அதை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குருவைப் பார்க்கும்போது அந்த வாக்கியம் ரொம்ப உதவும்.

இதில் பாவம் எது? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2088-ஆம் எண்ணில் இரண்டைப் பிரித்துச் சொல்கிறது. தெரிந்தே, வேண்டுமென்றே நம்ப மறுப்பது ஒன்று. நம்பத் தயங்குவதும், எதிர்க்கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் தவிப்பதும், விசுவாசத்தின் மறைபொருள் புரியாமல் மனம் கலங்குவதும் வேறொன்று. முதலாவதை விசுவாசத்துக்கு எதிரான பாவம் என்கிறது. இரண்டாவது தானாக வருவது. ஆனால் அதையே வேண்டுமென்று ஊட்டி வளர்த்தால் மனக்கண் இருண்டுபோகும் என்றும் எச்சரிக்கிறது. ராத்திரி படுத்திருக்கும்போது “இதெல்லாம் உண்மையா?” என்று ஒரு கேள்வி வந்து போனதற்காகப் பதறிப்போய்த் தூக்கம் கெடாதீர்கள்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தை மெதுவாகப் படியுங்கள்

19-ஆம் வசனத்திலிருந்து கடைசிவரை. பாஸ்காவுக்கு, அதாவது இயேசு உயிர்த்த பெருவிழாவுக்கு, அடுத்த ஞாயிறுதான் இறை இரக்க ஞாயிறு. அந்த ஞாயிறு பூசையில் எந்த ஆண்டானாலும் இந்தப் பகுதியைத்தான் நற்செய்தியாக வாசிக்கிறார்கள். மற்ற பெரும்பாலான ஞாயிறுகளின் நற்செய்தி மூன்றாண்டுச் சுழற்சியில் மாறும், இது மாறாது.

அதில் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. உயிர்த்த இயேசு சீடர்கள் மேல் ஊதி, “எவருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ, அவை மன்னிக்கப்படும்” என்கிறார். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு வேர் அங்கேதான். அதே பத்தியில், அந்த நேரம் அங்கே இல்லாத தோமா வந்து, காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால் ஒழிய நம்ப மாட்டேன் என்கிறார். மன்னிப்பும் சந்தேகமும் ஒரே வாசகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரக்கத்துக்கென்று ஒரு ஞாயிற்றை வைத்த திருச்சபை, அன்றைக்குச் சந்தேகப்பட்டவரின் கதையைத்தான் கோயிலில் வாசிக்கச் சொல்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

தோமாவைப் பற்றிப் பிரசங்கங்களில் அதிகம் சொல்லப்படாத ஒன்றைக் கவனியுங்கள். நம்ப மாட்டேன் என்று சொன்ன பிறகு ஒரு வாரம் அவர் எங்கே இருந்தார்? எட்டு நாள் கழித்து இயேசு வரும்போது அவர் மற்றவர்களோடு அதே வீட்டில்தான் இருக்கிறார். கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. மற்ற பத்துப் பேரும் அவரை வெளியே தள்ளவும் இல்லை. நம்பிக்கை இல்லாமல், ஆனால் நம்புகிறவர்களின் நடுவில், ஒரு வாரம் இருந்திருக்கிறார். புதிதாக வரும் ஒருவர் செய்யக்கூடியதும் இதுதான். அப்புறம் இயேசு வந்து திட்டவில்லை. “இதோ! என் கைகள். இங்கே உன் விரலை இடு” என்று தோமா கேட்டதையே எடுத்து நீட்டுகிறார். தோமா உண்மையில் தொட்டாரா என்று யோவான் எழுதவில்லை. “நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!!” என்று சொன்னதை மட்டும் எழுதுகிறார்.

இந்தத் தோமாதான் நம் நாட்டுக்கு வந்தார் என்பது மரபு. சென்னை சாந்தோமிலும் சின்னமலையிலும் பரங்கிமலையிலும் அவர் நினைவைப் போற்றுகிறோம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் ஒருவர் சந்தேகப்படுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, நமக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவரே அந்த வழியாக நடந்தவர்.

இந்தப் பக்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

போலந்து நாட்டில் 1905-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஃபவுஸ்தீனா கோவால்ஸ்கா. அதிகம் படிக்காதவர். கன்னியர் மடத்தில் சமையல், தோட்டம், வாசல் காப்பது என்று வேலை செய்தார். 1931 பிப்ரவரி 22 அன்று தம் அறையில் இயேசுவைக் கண்டதாகவும், கண்டபடி ஒரு படம் வரையச் சொன்னதாகவும் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1938-இல் 33 வயதில் காசநோயில் இறந்துபோனார்.

அவர் சொன்னதைத் திருச்சபை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1959-இல் ரோமையில் இருந்து இந்தப் படத்தையும் பக்தியையும் அவர் எழுதியபடி பரப்பக் கூடாது என்று தடை வந்தது. அவர் எழுத்துகளின் மொழிபெயர்ப்புகள் சரியில்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கிராக்கோவ் பேராயராக இருந்த கரோல் வொய்த்திவா விசாரணையைத் தொடங்கி, மூல எழுத்துகளைச் சரிபார்க்க வைத்தார். 1978 ஏப்ரலில் தடை நீங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அவரே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆனார். 2000 ஏப்ரல் 30 அன்று ஃபவுஸ்தீனாவைப் புனிதராக அறிவித்து, பாஸ்காவின் இரண்டாம் ஞாயிற்றை இறை இரக்க ஞாயிறாகவும் அறிவித்தார்.

இவ்வளவு விவரமும் எதற்கென்றால், ஃபவுஸ்தீனா கண்ட காட்சி தனிப்பட்ட வெளிப்பாடு. அதை நம்பியே ஆக வேண்டும் என்று எந்தக் கத்தோலிக்கருக்கும் கட்டாயம் இல்லை. கடவுள் இரக்கமுள்ளவர் என்பது விசுவாசம். அது விவிலியம் முழுக்க இருக்கிறது. 1931-இல் ஒரு மடத்து அறையில் நடந்தது அந்த விசுவாசத்துக்கு உதவி. காட்சியைப் பற்றித் தயக்கம் இருந்தாலும் ஜெபத்தைத் தாராளமாகச் சொல்லலாம். திருச்சபையே சுமார் இருபது வருடம் தயங்கியிருக்கிறது, நீங்கள் இரண்டு மாதம் தயங்கினால் குற்றம் ஒன்றுமில்லை.

படத்தில் உள்ள இரண்டு கதிர்களும் சிலுவையில் இயேசுவின் விலாவைக் குத்தியபோது வந்த இரத்தத்தையும் நீரையும் குறிக்கின்றன. யோவான் 19:34-ஐப் பாருங்கள். கைகளிலும் கால்களிலும் ஆணித் தழும்பு தெரியும்படிதான் வரைகிறார்கள். தோமாவுக்குக் காட்டிய அதே காயங்கள்.

ஒரு கோயிலில் போய்ச் சும்மா உட்காருங்கள்

எதுவும் சொல்ல வேண்டாம். பூசை இல்லாத நேரத்தில் போனால் போதும்.

புதுச்சேரியில் இதற்கு இடத்துக்குப் பஞ்சம் இல்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தெற்கு புல்வாரில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவைத்தான் நான் முதலில் சொல்வேன். 1907-இல் கட்டி முடித்த கோயில், 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. இயேசுவின் திருஇருதயத்துக்கு அர்ப்பணித்த கோயில் என்பதால் இரக்கத்தைத் தேடி வருகிறவருக்குப் பொருத்தமான இடம். சாயங்கால வெயில் கண்ணாடி ஓவியங்கள் வழியாக உள்ளே விழும் நேரத்தில் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தால் யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள். சுற்றுலாக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மிஷன் வீதியில் ஜென்மராக்கினி மாதா பேராலயம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சம்பா கோயில் என்பார்கள். கடற்கரைப் பக்கம் துய்மா வீதியில் 1855-இல் கட்டிய கப்ஸ் கோயில் அமைதியானது. வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குப் போனால் குளக்கரையிலும் உட்காரலாம். கடலூர் மாவட்டத்துக்காரர்கள் விருத்தாசலம் பக்கம் வீரமாமுனிவர் கட்டிய கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்கு ஒரு தடவையாவது போய் வாருங்கள்.

உள்ளே போனதும் பீடத்தருகே நற்கருணைப் பேழை (நற்கருணையை வைத்திருக்கும் சிறு பெட்டி) எங்கே என்று பாருங்கள். பக்கத்தில் விளக்கு எரியும். அந்தப் பக்கம் முகம் வைத்து உட்காருங்கள். எழுதி வைத்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லுங்கள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் நோயாளிப் பையனின் தகப்பன் சொன்னது, இதுவரை யாரும் கண்டுபிடித்ததிலேயே நேர்மையான ஜெபம்: “நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்.” அதைக் கேட்டதும் இயேசு, முதலில் நம்பிக்கையைச் சரிசெய்துகொண்டு வா என்று அந்த மனிதரைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைக் குணமாக்கினார்.

இறை இரக்க ஜெபமாலை

தனி மாலை வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண 53 மணி ஜெபமாலையே போதும். சொல்லி முடிக்கப் பத்து நிமிடத்துக்குள்தான் ஆகும்.

சிலுவை அடையாளம் போட்டு, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே, அருள்நிறைந்த மரியே, விசுவாசப் பிரமாணம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தடவை சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு பத்துமணிக்கும் (பத்துச் சின்ன மணிகள் கொண்ட பகுதிக்கும்) முன்னால் வரும் பெரிய மணியில்:

“நித்திய பிதாவே, எங்கள் பாவங்களுக்கும் அகில உலகின் பாவங்களுக்கும் பரிகாரமாக, உமது நேச குமாரனும் எங்கள் ஆண்டவருமாகிய இயேசு கிறிஸ்துவின் திருவுடலையும் திருஇரத்தத்தையும் ஆன்மாவையும் தெய்வீகத்தையும் உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன்.”

சின்ன மணி பத்திலும்:

“அவரது வேதனை நிறைந்த பாடுகளைப் பார்த்து, எங்கள் மீதும் அகில உலகின் மீதும் இரக்கமாயிரும்.”

இப்படி ஐந்து பத்துமணி. கடைசியில் மூன்று முறை: “புனித இறைவா, புனித எல்லாம் வல்லவரே, புனித நித்தியரே, எங்கள் மீதும் அகில உலகின் மீதும் இரக்கமாயிரும்.” ஜெபப் புத்தகத்துக்குப் புத்தகம் ஓரிரு வார்த்தை மாறும். உங்கள் பங்கில், அதாவது உங்கள் பகுதிக் கோயிலில், எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே சொல்லுங்கள்.

கூட்டமாகச் சொல்லும்போது ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் “எங்கள் மீதும் அகில உலகின் மீதும் இரக்கமாயிரும்” என்று பதில் சொல்வார்கள். விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்ல மனம் வராதவர், அதை மற்றவர்கள் சொல்லும்போது மௌனமாக இருந்துவிட்டு இந்தப் பதிலில் சேர்ந்துகொள்ளலாம். என் பக்கத்தில் ஒரு அம்மா அப்படித்தான் சொல்வார்கள். முன்பாதி வரும்போது உதடு அசையாது, மணி மட்டும் விரலில் உருளும். “இரக்கமாயிரும்” வரும்போது மட்டும் குரல் எழும், சில நாள் உடையும். ஐம்பது தடவை. அந்த அம்மாவின் ஜெபம் குறைந்த ஜெபம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஜெபத்தில் “என் மீது” என்பதே கிடையாது. “எங்கள் மீதும் அகில உலகின் மீதும்” என்றுதான் எல்லாத் தடவையும் வருகிறது. என் நம்பிக்கை போதுமா என்று தன்னையே நோண்டிக்கொண்டிருப்பவருக்கு இது நல்ல மருந்து. பக்கத்து வீட்டுக்காரருக்காக, ஜிப்மர் மருத்துவமனையில் படுத்திருக்கும் யாரோ ஒருவருக்காகச் சொல்லுங்கள். தன் விஷயம் தானாகப் பின்னால் போகும்.

மதியம் 3 மணி, இயேசு சிலுவையில் உயிர்விட்ட நேரம் என்று இந்தப் பக்தியில் சிறப்பாக மதிக்கப்படுகிறது. அந்த நேரத்தில் பல கோயில்கள் பூட்டியிருக்கும், நீங்களும் வேலையில் இருப்பீர்கள். எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே ஒரு நொடி மனதைத் திருப்பினால் போதும் என்றுதான் ஃபவுஸ்தீனாவும் எழுதியிருக்கிறார். கைப்பேசியில் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவசங்கீர்த்தனம்

திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கான படி இது. பெரும்பாலோர் பயப்படுவதும் இதற்குத்தான்.

பழைய ஞான உபதேசத்தில் ஐந்து காரியங்கள் சொல்லிக்கொடுப்பார்கள்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை யோசித்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (அவற்றுக்காக மனம் வருந்துவது), இனிப் பாவம் செய்வதில்லை என்ற உறுதி, பாவத்தைச் சொல்வது, குரு கொடுக்கும் பரிகாரத்தைச் செய்வது. இன்றைக்கும் அதுதான். ஆத்தும சோதனை என்று மூன்று வயதிலிருந்து பட்டியல் போட வேண்டாம். கனமான பாவங்கள் எவை, ஏறக்குறைய எத்தனை தடவை என்று நினைவுக்கு வருகிற அளவு போதும். உண்மையிலேயே மறந்துபோனதும் சேர்த்துத்தான் மன்னிக்கப்படுகிறது. பின்னால் பெரியதாக ஏதாவது நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொன்னால் சரி.

எந்தக் குருவிடம் என்பது உங்கள் விருப்பம். உங்கள் பங்குச் சாமியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு கோயிலுக்குப் போங்கள், அதில் தப்பில்லை. தவக்காலக் கடைசி வாரத்தில் வரிசை நீளமாக இருக்கும், அவசர அவசரமாகத்தான் கேட்க முடியும். பல வருடம் கழித்து வருகிறவர் சாதாரண நாளில் பூசைக்கு அரைமணி முன்னால் போய், “சாமி, ரொம்ப வருஷம் கழிச்சு வர்றேன், கொஞ்சம் நேரம் வேணும்” என்று சொல்லி நேரம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே போய் முழந்தாளிட்டு, “சாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியும். நான் பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை வருடம் ஆகிறது” என்று ஆரம்பியுங்கள். மனஸ்தாப ஜெபம் மறந்துபோயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், சாமி வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பார். சொன்ன ரகசியத்தை அவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது. மீறினால் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை.

சந்தேகத்தை எப்படிச் சொல்வது? தானாக வந்து வருத்தும் கேள்வி என்றால், அதைப் பாவமாக அடுக்காமல், “எனக்கு இது கஷ்டமாக இருக்கிறது” என்று சொல்லி ஆலோசனை கேளுங்கள். ஜெபத்தை வேண்டுமென்றே கைவிட்டீர்கள், விசுவாசிகளைக் கேலி செய்து அவர்கள் நம்பிக்கையையும் கெடுத்தீர்கள் என்றால், அதைப் பாவமாகவே சொல்லுங்கள்.

என் பாவத்துக்கு மன்னிப்பே இல்லை என்று நினைப்பவர்களிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கருக்கலைப்புக்கு மன்னிப்பு பெற ஆயர் வரைக்கும் போக வேண்டுமோ என்ற பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 2016 நவம்பரில் இரக்கத்தின் யூபிலி ஆண்டு முடிந்தபோது, அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் திருத்தந்தை பிரான்சிஸ் நிலையாகக் கொடுத்துவிட்டார். உங்கள் ஊர் பங்குச் சாமியே மன்னிக்கலாம். அடுத்தது, தூய ஆவிக்கு எதிரான பாவம் மன்னிக்கப்படாது என்று மாற்கு 3:29-இல் படித்துவிட்டு நடுங்குகிறவர்கள். மனம் திரும்பி மன்னிப்பை ஏற்க வேண்டுமென்றே கடைசிவரை மறுப்பதைத்தான் திருச்சபை அப்படி விளக்குகிறது. மன்னிப்பு கிடைக்குமா என்று ஏங்கி நிற்கிறவர் அந்த நிலையில் இல்லை.

சிலருக்கு மன்னிப்பு வாங்கி வெளியே வந்த அரைமணி நேரத்தில், “சரியாகச் சொல்லவில்லையோ” என்று மறுபடி கலக்கம் வந்துவிடும். திரும்பத் திரும்ப அதே பாவத்தைச் சொல்லத் தோன்றும். அப்படியென்றால் ஒரே குருவிடம் தொடர்ந்து போய், அவர் “போதும், இனி அதைச் சொல்ல வேண்டாம்” என்றால் கீழ்ப்படியுங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெடும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

கையால் ஒரு இரக்கச் செயல்

செயல், சொல், ஜெபம் என்று மூன்று வழியில் இரக்கம் காட்ட வேண்டும் என்பது ஃபவுஸ்தீனாவின் நாட்குறிப்பில் வருகிறது. ஜெபமே வராத நாளில் செயல் வரும். மத்தேயு 25-ஐ எடுத்துப் பாருங்கள். பசித்தவருக்கு உணவு கொடுத்தவர்கள், சிறையில் இருந்தவரைப் பார்க்கப் போனவர்கள், தாங்கள் இயேசுவுக்குத்தான் அதைச் செய்தோம் என்று அறியாமலேயே செய்திருக்கிறார்கள்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் வீடு சந்திக்கப் போகும்போது கூடவே போங்கள். அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம்) யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று கேளுங்கள். உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். இந்தக் கடைசியது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

இறை இரக்க ஞாயிறு அன்று

பெரிய வெள்ளிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நவநாள் செய்வது வழக்கம். ஞாயிறன்று பூசை, படத்துக்கு வணக்கம், 3 மணி ஜெபம் எல்லாம் பல பங்குகளில் நடக்கும். நேரத்தைக் கோயில் அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, திருத்தந்தையின் கருத்துக்காக ஜெபித்து, பாவப் பற்றை விட்டுவிட்டவர்களுக்கு அன்று பரிபூரண பலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு இன்னும் மீதமிருக்கும் தண்டனை முழுவதும் நீங்குவது) உண்டு என்று 2002-இல் அறிவித்திருக்கிறார்கள்.

ஒன்றுமே உணராத நாள்களில்

இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே வெறுமையாகவே இருக்கலாம். கொல்கத்தா அன்னை தெரசா பல பத்தாண்டுகள் கடவுளின் அண்மையை உணராமலே வாழ்ந்தார் என்பது, அவர் எழுதிய கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வெளியானபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. குழந்தை தெரேசம்மாள் தம் கடைசி ஒன்றரை வருடம் மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற இருட்டிலேயே கிடந்து, 1897-இல் 24 வயதில் இறந்தார். இருவரும் ஜெபத்தை விடவில்லை. இருவரையும் திருச்சபை புனிதர்களாக உயர்த்தியிருக்கிறது. உணர்ச்சி வரவில்லை என்பதால் ஜெபம் சேரவில்லை என்று அர்த்தமில்லை.

அந்த நாள்களில் நீளமான ஜெபம் வேண்டாம். ஒரே ஒரு பத்துமணி சொல்லுங்கள், அல்லது படத்தின் கீழே உள்ள அந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள். ஞாயிறு பூசையை மட்டும் விடாதீர்கள்.

இன்னும் திருமுழுக்குப் பெறாதவர்கள்

கோயிலில் உட்காரலாம், ஜெபமாலை சொல்லலாம், பூசை முழுக்க இருக்கலாம், குருவிடம் மனம்விட்டுப் பேசி ஆசீர் வாங்கலாம். பாவசங்கீர்த்தனமும் நன்மை வாங்குவதும் திருமுழுக்குக்குப் பிறகுதான். நன்மை கொடுக்கும் நேரத்தில் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது நீங்கள் இடத்திலேயே அமர்ந்திருங்கள். கூட வந்தவர் “நீயும் வா” என்று இழுத்தாலும் போக வேண்டாம்.

மேலே தெரிந்துகொள்ள விருப்பமிருந்தால், பூசை முடிந்து சாமி வாசலில் நிற்கும்போது போய்ச் சொல்லுங்கள். அவர் உபதேசியாரிடமோ (ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பவர்) சிஸ்டரிடமோ சேர்த்துவிடுவார். திருமுழுக்குக்கான இந்தத் தயாரிப்புக்குப் புகுமுகு நிலை என்று பெயர், பல மாதம் நடக்கும், பெரும்பாலும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு கொடுப்பார்கள். அவசரப்படுத்த மாட்டார்கள், நடுவில் நிறுத்திக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதல் நாள் போகும்போது அந்தத் தாளில் எழுதிய வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய், அதிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.